அவசரத் தேவைக்கான சேமிப்பு: கணவன் மனைவி இருவரின் அமானிதம்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரிகளே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவை நினைவூட்டுகிறேன். தக்வா என்பது பள்ளிவாசலோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல. வீட்டில் சம்பளப் பணத்தை எண்ணி வைக்கும்போதும் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும். கடன் வாங்கக் கை நீட்டும்போதும் அஞ்ச வேண்டும். அதனால் இன்று, குடும்பத்தில் திடீரென்று வரும் செலவைக் கணவனும் மனைவியும் எப்படி எதிர்கொள்வது, அதற்கு முன்கூட்டியே சேமித்து வைப்பதைப் பற்றி நம் தீன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வருமானத்துக்கு சீசன் உண்டு, செலவுக்கு இல்லை

நாம் வாழும் இந்தக் கடற்கரையைப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊரில் நிற்க இடம் இருக்காது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், லாட்ஜில் வேலை செய்பவர் என எல்லோர் கையிலும் கொஞ்சம் காசு புரளும். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரும், வியாபாரம் படுத்துவிடும். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வயல் வைத்திருப்பவர் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் தள்ளிப்போனால் குறுவை தள்ளிப்போகும், கைக்கு வரும் காசும் தள்ளிப்போகும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் மாதா மாதம் பணம் வருகிறது. ஆனால் அங்கே கம்பெனி ஆளைக் குறைத்தால் இங்கே அடுப்பு அணைந்துவிடும்.

இதற்கு மேல் நம் கண்ணால் பார்த்த சோதனைகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியை இந்தக் கடற்கரை மறக்க முடியுமா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து ஓட்டு வீட்டையும் தென்னந்தோப்பையும் சாய்த்துவிட்டுப் போனது. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிறவர் கதவை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

இந்தப் பெரிய சோதனைகள் எல்லாம் எப்போதோ வருபவை. சிறிய சோதனைகளோ எல்லா வீட்டுக்கும் வருகின்றன. உம்மா குளியலறையில் வழுக்கி விழுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாளும் இறங்கவில்லை. படகின் இஞ்சின் பழுதாகிறது. வெளியூரில் ஒரு மவுத், உடனே புறப்பட வேண்டும். வருமானத்துக்குத்தான் சீசன் இருக்கிறது. நோய்க்கும் மவுத்துக்கும் சீசன் கிடையாது.

யூசுஃப் நபி (அலை) அவர்கள் காட்டிய வழி

அல்லாஹ் தன் திருமறையில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்கிறான். எகிப்தின் அரசர் ஒரு கனவு காண்கிறார். கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்கின்றன. அதன் விளக்கம், ஏழு ஆண்டுகள் நல்ல விளைச்சல், அடுத்து ஏழு ஆண்டுகள் கடும் பஞ்சம் என்பது.

யூசுஃப் (அலை) அவர்கள் கனவுக்குப் பலன் சொல்வதோடு நிறுத்தவில்லை. ஒரு திட்டத்தையும் சேர்த்தே சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுங்கள். அறுவடையில் உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்றார்கள். அதன் பிறகு வரும் கடினமான ஏழு ஆண்டுகள் அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும், நீங்கள் பத்திரப்படுத்தும் சிறு பகுதியைத் தவிர என்றும் சொன்னார்கள் (அல்குர்ஆன் 12:47, 48 வசனங்களின் கருத்து).

நெல் விளையும் பூமியில் வாழும் நமக்கு இது சட்டென்று புரியும். பத்தாயத்திலும் குதிரிலும் நெல்லைக் கொட்டி வைத்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம் என்றாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள் நம் பெரியவர்கள்.

இந்த வசனங்களில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. நல்ல காலத்திலேயே ஒதுக்க வேண்டும். கஷ்ட காலம் வந்தால் ஒதுக்கியதை எடுத்துச் செலவு செய்யத் தயங்கக் கூடாது, அதற்காகத்தானே வைத்தோம்! அப்படி எடுக்கும்போதும் முழுவதையும் துடைத்து எடுக்காமல், மறுபடி தொடங்குவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

சேமிப்பது தவக்குலுக்கு எதிரானதா?

சில சகோதரர்கள் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் ஈமானில் குறை ஆகாதா? நபி (ஸல்) அவர்கள் நாளைக்கென்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே?"

ஆம், திர்மிதியில் (2362) அப்படி ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதே சமயம் புகாரியில் (5357) இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழங்களை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குத் தேவையான உணவை நபி (ஸல்) அவர்கள் எடுத்து வைப்பார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரண்டும் முரண் அல்ல. தமக்கென்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. தம்மை நம்பியிருந்த குடும்பத்தாருக்காக வைத்தார்கள் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். தனி மனிதராகப் பசித்திருக்க உங்களுக்கு மனவலிமை இருக்கலாம். உங்கள் மனைவியையும் பிள்ளையையும் உங்கள் தவக்குலின் பெயரால் பசித்திருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்னதும் (திர்மிதி 2517) நாம் அறிந்ததுதான். கயிறு கட்டுவது நம் வேலை. காப்பது அவன் வேலை.

அப்படியானால் தங்கத்தையும் வெள்ளியையும் குவித்து வைப்பவர்களுக்கு 9:34ஆம் வசனத்தில் வந்திருக்கும் எச்சரிக்கை? அது அல்லாஹ்வின் பாதையில் செலவிடாமல், கடமையான ஜகாத்தைக் கொடுக்காமல் பூட்டி வைப்பவர்களுக்கான எச்சரிக்கை. ஹக்கைக் கொடுத்துவிட்டு, குடும்பத்தின் நெருக்கடிக்கென்று வைப்பது அதில் சேராது. தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தார்கள். அப்போதும், கொஞ்சத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி 2757).

சேமிப்பு இல்லாத வீடு எதை இழக்கிறது?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மாதம், இரவு பத்து மணி, வெளியே மழை. பிள்ளைக்கு மூச்சுத் திணறல். 108 வருகிறது. நாகையில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கூட இருப்பவர்களின் சாப்பாடு, போக வர பஸ் செலவு, வெளியே எழுதிக் கொடுக்கும் ஒரு மருந்து இருக்கிறதே! எல்லாவற்றுக்கும் மேலாக, வாப்பா வேலைக்குப் போகாத பத்து நாள் கூலியும் போய்விடுகிறது. இலவச வைத்தியத்திலேயே ஒரு குடும்பம் பத்தாயிரம் ரூபாய்க்குத் தடுமாறலாம். கையில் சேமிப்பு இல்லாத வீடு அந்த நேரத்தில் மூன்று பொருளை இழக்கும் ஆபத்தில் நிற்கிறது.

முதலாவது, ஹலால். அவசரத்துக்குக் கிடைப்பது வட்டிப் பணம்தான். அல்லாஹ்வும் ரசூலும் போர் அறிவிக்கும் பாவம் என்று குர்ஆன் எச்சரிக்கிற வட்டி (2:279), வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால், மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி. பத்து மாதம் கட்டினால் பத்தாயிரம் போய்விடும்; அசல் அப்படியே நிற்கும். அதே ஆயிரத்தை, கஷ்டம் வருவதற்கு முந்திய பத்து மாதம் எடுத்து வைத்திருந்தால்? அதே பத்தாயிரம், கடனும் இல்லை, வட்டியும் இல்லை, பாவமும் இல்லை. கஷ்டத்துக்கு முன்னால் கட்டினால் அது சேமிப்பு. பின்னால் கட்டினால் அது வட்டி.

இரண்டாவது, மனைவியின் உரிமை. நம் வீடுகளில் அவசரம் என்றால் முதலில் கழற்றப்படுவது மனைவியின் கழுத்துச் சங்கிலி. அது யாருடைய பொருள்? மஹராக வந்ததும், அவளுக்குச் சொந்தமாகக் கொடுக்கப்பட்ட நகையும் அவளுடையவை. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் கணவனுக்கு ஆகும் என்று 4:4ஆம் வசனம் சொல்கிறது. கண்ணீரோடு கழற்றிக் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதாகுமா? எத்தனை நகைகள் அடகில் மூழ்கிப்போயின! எத்தனை கணவன்மார் "அடுத்த மாதம் மீட்டுத் தருகிறேன்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! அது கடன், சகோதரர்களே. மவுத்துக்குப் பிறகும் விசாரிக்கப்படும் கடன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடகு வைப்பது அடிப்படையில் ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்களே தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடகு வைத்திருந்த நிலையில்தான் வஃபாத்தானார்கள் (புகாரி 2916). ஓராண்டு உணவு எடுத்து வைத்த வீடும், கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்துக் காலியாகியிருந்தது. ஆகவே அடகு கேவலம் அல்ல. அதோடு ஒட்டிவரும் வட்டிதான் ஹராம்.

மூன்றாவது, நாவின் உண்மை. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள் (புகாரி 832). கடன்காரர் வாசலில் நிற்கும்போது, "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறோமே, அன்றைக்குப் பிள்ளைக்கு நாம் பொய்யைக் கற்றுக் கொடுக்கிறோம்.

கணவன் மனைவிக்கு இடையில்

குடும்பச் செலவு கணவனின் கடமை. மனைவி சம்பாதித்தாலும் அந்தப் பணம் அவளுடையது. அவள் குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவளுடைய தாராளம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பில் உள்ள அனாதைகளுக்கும் செலவிடுவது பற்றிக் கேட்டபோது, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மம் செய்ததற்கு ஒன்று என இரண்டு நன்மைகள் உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி 1466). இதை அறிந்த கணவன், மனைவி போடும் நூறு ரூபாயையும் நன்றியோடு வாங்குவான்.

நம் பெண்களிடம் சிறுவாட்டுக் காசு என்று ஒன்று உண்டு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்த அந்தக் காசு எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது என்ன நடந்தது? ஒளித்து வைத்த காசெல்லாம் வெளியே வந்தது. சில வீடுகளில் கணவன்மார் சந்தோஷப்பட்டார்கள், சில வீடுகளில் சண்டை வந்தது. சண்டை போட்டவர் ஒரு கேள்வியைத் தன்னிடமே கேட்டிருக்க வேண்டும்: என் மனைவி ஏன் என்னிடமிருந்து ஒளித்தாள்? கண்டால் எடுத்துச் செலவழித்துவிடுவேன் என்று பயந்ததாலா? வீட்டுச் செலவுக்கு நான் போதுமானதைக் கொடுக்காததாலா? கணவர் போதுமானதைத் தரவில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி 5364). ஆகவே ஒளிக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இதைக் கேட்டால் உங்களுக்கு ஒரு வார்த்தை. நடு இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் உங்கள் மனைவி, போன் போட்டு உங்களிடம் கேட்டு, நீங்கள் நண்பரிடம் சொல்லி, அவர் விடிந்து பணம் கொண்டுவரும் நிலை வேண்டாம். அவசரப் பணம் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வங்கிக் கணக்கை இருவர் பேரிலும் வையுங்கள், வாரிசுதாரர் நியமனத்தை எழுதுங்கள். நாளை மவுத் வந்தால், இத்தாவில் இருக்கும் பெண் வங்கிக்கு அலையாமல் இருக்க இது உதவும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மவுத்தானவரின் பணத்தை எடுக்கும் உரிமை ஒருவரிடம் இருந்தாலும், அது மார்க்கம் சொன்ன பங்கின்படி எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

எப்படித் தொடங்குவது?

எடுத்த எடுப்பில் பெரிய தொகை வேண்டாம். முதல் இலக்கு, ஒரு மாத வீட்டுச் செலவு. அது சேர்ந்த பிறகு மூன்று மாதம். சீசன் வருமானக்காரர் தன் வறண்ட மாதங்களை எண்ணிப் பார்க்கட்டும். தடைக்காலம் இரண்டு மாதம் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கானது தனி. அது எதிர்பாராத செலவு அல்ல, எதிர்பார்த்த செலவு. மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகக் கொடுக்கும் சேமிப்பு நிவாரணத் திட்டம் நடைமுறையில் இருந்திருக்கிறது. அதே முறையை நம் வீட்டுக்குள்ளும் செய்யலாம். கணவன் ஒரு பங்கு, விரும்பினால் மனைவி ஒரு பங்கு, சம்பாதிக்கும் பிள்ளை ஒரு பங்கு.

எது அவசரம் என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நோய், வேலை இழப்பு, புயலில் போன கூரை, மவுத்துக்கான பயணம் ஆகியவை அவசரம். பெருநாள் துணி, சுன்னத் விருந்து, சொந்தக்காரர் கல்யாண மொய், புது போன் எதுவும் அவசரம் அல்ல. பெருநாள் வரும் என்று போன வருடமே நமக்குத் தெரியும்.

எங்கே வைப்பது? கொஞ்சம் ரொக்கமாக வீட்டில் இருக்கட்டும். கஜா புயலில் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஏடிஎம் அட்டை கையில் இருந்து என்ன பயன்? மீதி வங்கியில் இருக்கட்டும். கணக்கில் சேரும் வட்டியைத் தன் தேவைக்கு எடுக்காமல், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி உலமாக்கள் வழிகாட்டுகிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டுப் போடுகிறவர்கள், எல்லோரும் ஒரே தொகை கட்டி ஒவ்வொருவராக அதே தொகையை எடுக்கும் சீட்டைப் போடுங்கள். தள்ளி எடுக்கும் ஏலச்சீட்டை விட்டு விலகுங்கள்.

தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. நோய் வந்த பிறகு ஆவணம் தேடி அலையாதீர்கள்.

எடுத்தால் எழுதுங்கள், திரும்ப நிரப்புங்கள். சேமிப்பு நிஸாபை அடைந்து ஒரு சந்திர ஆண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமை என்பதை மறக்காதீர்கள். அவசரத்துக்கு வைத்த பணம் என்பதால் ஜகாத் விலகிவிடாது. கொடுத்தால் குறையாது, பரக்கத் இறங்கும்.

சேமிக்க முடியாதவர்களுக்கு?

இதைக் கேட்டு, "எனக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கே போதவில்லை, எங்கே சேமிப்பது?" என்று மனம் நோகும் சகோதரர் இந்த சஃப்பிலேயே இருக்கலாம். உங்கள் மீது குற்றம் இல்லை. எந்த ஆத்மாவுக்கும் அதற்குக் கொடுத்ததற்கு மேல் அல்லாஹ் சுமத்துவதில்லை. இங்கே பொறுப்பு ஜமாஅத்துக்கு வருகிறது.

அஷ்அரீ கோத்திரத்தார் போரிலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், எல்லோரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபி (ஸல்) அவர்கள் பெருமையோடு சொன்னார்கள் (புகாரி 2486). நம் ஊர் பைத்துல்மால் அந்தத் துணிதான். வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மால் ஒன்று ஊரில் உயிரோடு இருந்தால், நடு இரவில் யாரும் வட்டிக்கடை வாசலுக்குப் போக மாட்டார்கள். வாங்கியவர் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தால்தான் அது அடுத்தவருக்கு உதவும். கொடுக்க முடியாமல் கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதும் குர்ஆனின் கட்டளை (2:280).

சுனாமி வந்த அன்று இந்தக் கடற்கரையில் யாரும் யாரிடமும் மதம் கேட்கவில்லை. இருந்தவர் இல்லாதவருக்குக் கொடுத்தார். அந்த மனம் நம்மிடம் இருக்கிறது. அது சோதனை வந்த பிறகு மட்டும் விழித்துக்கொள்ளாமல், சோதனைக்கு முன்பே ஒரு பெட்டியாக, ஒரு கணக்காக இருக்க வேண்டும்.

அன்பான சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு, மனைவியோடு பத்து நிமிடம் உட்காருங்கள். மூன்று கேள்விகளைப் பேசுங்கள். இன்று இரவு ஓர் அவசரம் வந்தால் நம் கையில் எவ்வளவு இருக்கிறது? உன் நகை ஏதாவது என்னால் அடகில் இருக்கிறதா, அதை எப்போது மீட்போம்? இந்த மாதத்திலிருந்து எவ்வளவு எடுத்து வைப்போம்? நூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வருமானத்தை ஹலாலாக்கி வைப்பாயாக. கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் நெருப்பிலிருந்தும் எங்கள் குடும்பங்களைக் காப்பாயாக. கணவன் மனைவியருக்கு இடையில் அன்பையும் நம்பிக்கையையும் நிலைக்கச் செய்வாயாக. கடலில் இருப்பவர்களையும், வெளிநாட்டில் இருப்பவர்களையும், மருத்துவமனையில் இருப்பவர்களையும் நலமாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.